ருவாண்டாவில் உண்பதும் பருகுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காகவோ, மாநாட்டுக்காகவோ, எரிமலைச் சரிவில் கொரில்லாவைப் பார்க்கவோ ருவாண்டாவின் தலைநகரான கிகாலிக்குக் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. அந்த நகரத்தில் இரண்டு ஆண்டுகள் வாடகை கொடுத்தவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்றவை எளிதாகப் புரியும். அங்கே சாப்பிடுவது வீட்டுக்குள் நடக்கும் காரியம். நாலு பேர் கூடிச் செய்வது பருகுவது. பாலோ பீரோ தேநீரோ, உறவு வளர்வது கோப்பையின் வழியாகத்தான், தட்டின் வழியாக அல்ல.

அங்கே மக்கள் அன்றாடம் என்ன சாப்பிடுகிறார்கள்?

பீன்ஸ். நாம் பொரியல் செய்யும் பச்சைக் காய் அல்ல, ராஜ்மாவைப் போன்ற காய்ந்த விதை. கின்யருவாண்டா மொழியில் இபிஷிம்போ என்பார்கள். தலைக்கு அதிகமாக பீன்ஸ் உண்ணும் நாடுகளின் வரிசையில் ருவாண்டா உலகிலேயே முன்னணியில் நிற்கிறது. காலையில் மிச்சம், மதியம் புதிது, இரவில் மறுபடியும் அதுவே என்று மூன்று வேளையும் பீன்ஸ் பார்த்த வீடுகள் உண்டு.

அதற்குத் துணை கிழங்குகள். சர்க்கரைவள்ளி, மரவள்ளி, சேப்பங்கிழங்கு, உருளை. கூடவே இபிதோகே எனப்படும் சமையல் வாழை. வடக்கே முசான்சே பக்கத்து எரிமலை மண்ணில் உருளை அமோகமாக விளைகிறது. அங்குள்ள கினிகி என்ற ஊரின் பெயரையே ஒரு சிவப்புத் தோல் உருளைக்கு வைத்திருக்கிறார்கள். வெறுமனே வேகவைத்து உப்புப் போட்டாலே போதும் என்று சொல்லவைக்கும் கிழங்கு அது.

ஏன் இப்படி? நாட்டின் பரப்பு சுமார் 26,000 சதுர கிலோமீட்டர். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1.3 கோடிக்கு மேல் மக்கள். எங்கு பார்த்தாலும் குன்று. சரிவில் வெட்டிய சின்னச் சின்ன வயல்களில் குடும்பம் பிழைக்க வேண்டுமென்றால், குறைந்த நிலத்தில் அதிகம் தரும் கிழங்கும் புரதம் தரும் பயறும்தான் வழி. அரிசி நகரத்துச் சாப்பாடு, விருந்துச் சாப்பாடு.

மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டு போங்கள். உபுகாலி என்பது மரவள்ளி மாவில் கிளறிய களி. அகதோகோ என்பது வாழையைத் தக்காளி, வெங்காயம், சில சமயம் இறைச்சியோடு சேர்த்து ஒரே பானையில் வேகவைப்பது. இசொம்பே என்பது மரவள்ளி இலையை இடித்து, பாமாயிலும் வேர்க்கடலையும் சேர்த்துச் சமைக்கும் கீரை. மரவள்ளி இலையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அதனால்தான் உரலில் போட்டு நன்றாக இடித்து நெடுநேரம் கொதிக்கவிடுகிறார்கள். அவசரத்துக்குச் செய்யும் கறி அல்ல அது. எனக்கு அந்த நாட்டுச் சமையலில் மிகப் பிடித்தது இதுதான்.

தெருவில் நடந்துகொண்டே சாப்பிடக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சட்டம் ஒன்றும் இல்லை, யாரும் அபராதம் போடமாட்டார்கள். ஆனால் வளர்ந்த ஒருவர் வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டே தெருவில் போனால் பார்ப்பவர்கள் சங்கடப்படுவார்கள். குழந்தைக்கு மட்டும் விலக்கு.

நான் போன முதல் வாரத்தில் பஸ் நிலையத்துக்கு வெளியே சுட்ட மக்காச்சோளக் கதிர் ஒன்றை வாங்கிக் கடித்துக்கொண்டே நடந்தேன். எதிரே வந்த வயதான அம்மா ஒருவர் நின்றார். கோபப்படவில்லை. பக்கத்துக் கடையில் இருந்த முக்காலியைக் கையால் காட்டினார். உட்கார்ந்தேன். தலையசைத்துவிட்டுப் போனார். கதிரைக் கடித்து முடிக்கும்வரை கடைக்காரர் என்னைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். அதுவும் மரியாதைதான் என்று பிறகுதான் விளங்கியது.

பசியை வெளியே காட்டுவது அங்கே கூச்சத்துக்குரியது. அக்கம்பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்காமல் தான் மட்டும் தின்பது இன்னொரு குறை. மொழியிலேயே இது பதிந்திருக்கிறது. நம்மிடம் தின்பதற்கும் சாப்பிடுவதற்கும் உள்ள வேறுபாடு அவர்களிடமும் உண்டு. குர்யா என்பது தின்பது. பெரியவர்களிடம் பேசும்போது குஃபுங்குரா என்ற நயமான சொல்லைத்தான் எடுப்பார்கள். விருந்தாளியைப் பார்த்து "தின்ன வா" என்று நாம் கூப்பிடுவோமா? அதே கதைதான்.

சிறு உணவகங்கள் பலவற்றின் வாசலில் திரைச்சீலை தொங்கும். உள்ளே யார் என்ன சாப்பிடுகிறார் என்று தெருவுக்குத் தெரிய வேண்டாம் என்பதே காரணம். கிகாலியில் தெரு வியாபாரத்துக்குத் தடை இருப்பதால் தள்ளுவண்டிக் கடைகளைத் தேடி அலையாதீர்கள். பஸ்ஸிலும் பொட்டலத்தைப் பிரிக்காமல் இருப்பது நல்லது. தண்ணீர் வேண்டுமானால் ஓரமாக நின்று ஒரு மிடறு குடித்துக்கொள்ளலாம்.

மதியம் எங்கே சாப்பிடுவது? மெலாஞ்ச் என்று ஏதோ சொல்கிறார்களே?

மெலாஞ்ச் என்பது பிரெஞ்சுச் சொல், கலவை என்று பொருள். பெல்ஜியர் ஆட்சி விட்டுப்போன சொற்களில் ஒன்று. அலுவலகக்காரர் முதல் ஓட்டுநர் வரை மதியம் நாடும் மலிவான பஃபே இது. நீளமான மேசையில் சோறு, பீன்ஸ், வறுத்த உருளை, வேகவைத்த வாழை, சர்க்கரைவள்ளி, இசொம்பே, தோதோ எனப்படும் தண்டுக்கீரை, முட்டைக்கோஸ், மக்கரோனி எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரே தட்டில் எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நம்மவர்கள் தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. ஒரு முறைதான் போட்டுக்கொள்ளலாம். சோறு கொஞ்சம் வைத்துக்கொண்டு "அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளலாம்" என்று பந்தி நினைப்பில் உட்கார்ந்தால், இரண்டாம் முறைக்கு இரண்டாம் காசு. அதனால் உள்ளூர்க்காரர்கள் தட்டில் கட்டும் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். அடியில் கிழங்கு, சுற்றிலும் வாழைக்காய் மதில், நடுவே சோறு, மேலே பீன்ஸ் அருவி. தெருவில் பசியை மறைக்கும் ஊர் இந்தத் தட்டில் மட்டும் அதை மறைப்பதில்லை. ஆயிரம் குன்றுகளின் நாடு என்ற பட்டப்பெயருக்கு ஆயிரத்து ஒன்றாவது குன்று அது.

இறைச்சியை நீங்களாக எடுக்கக் கூடாது. கரண்டியோடு ஒருவர் நிற்பார், ஒன்றோ இரண்டோ துண்டு வைப்பார். அதில் பேரம் வேண்டாம். எடுத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுவதுதான் அழகு. பன்னிரண்டு மணிக்குப் போனால் எல்லாம் சூடாக இருக்கும். இரண்டரைக்குப் போனால் மக்கரோனிதான் மிஞ்சும்.

கையால் சாப்பிடலாமா?

உபுகாலியைக் கையால்தான் சாப்பிட வேண்டும். வலது கையால் கொஞ்சம் பிய்த்து உருட்டி, கட்டைவிரலால் ஒரு குழி செய்து, குழம்பை அள்ளிக்கொள்ள வேண்டும். களி தின்று வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்ற உணவுக்குக் கரண்டியும் முள்கரண்டியும் வைப்பார்கள். சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுவதை யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனால் சுற்றியிருப்பவர்கள் செய்யமாட்டார்கள்.

வீடுகளில் சாப்பிடுவதற்கு முன் ஒருவர் குவளையும் பாத்திரமும் கொண்டுவந்து கையில் நீர் ஊற்றுவார். பெரும்பாலும் வீட்டின் இளையவர். எழுந்து குழாயைத் தேடிப் போகாதீர்கள். அந்த நீரிலேயே கழுவிக்கொள்ளுங்கள்.

கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால். பெரியவரிடம் கோப்பை வாங்கும்போது இடது கையால் உங்கள் வலது முன்கையைத் தொட்டுக்கொண்டால், மரியாதை தெரிந்தவர் என்று பெயர் கிடைக்கும். இரண்டு கையாலும் வாங்கலாம்.

ஒரு வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். எப்படி நடந்துகொள்வது?

முதலில் இது பெரிய விஷயம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ருவாண்டாக்காரர் உணவகத்துக்கு எளிதில் அழைப்பார். வீட்டுக்குள் சாப்பிட அழைத்தால் உங்களை நம்பிவிட்டார் என்று அர்த்தம்.

வெறுங்கையோடு போகாதீர்கள். பழம், சர்க்கரை, பால், குளிர்பானம் எதுவும் சரி. கிராமத்து வீடு என்றால் சோப்பும் சர்க்கரையும் உண்மையாகவே உதவும். கொண்டுபோனதை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள், உங்கள் முன்னால் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

போனதும் அங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கைகொடுக்க வேண்டும். அறை முழுவதற்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டால் போதாது. மாலை என்றால் "ம்விரிவே", காலை என்றால் "ம்வாரமுத்சே". பிறகு குடிப்பதற்கு ஏதாவது வரும். பேச்சு ஓடும். சாப்பாடு எப்போது என்று தெரியாது, கேட்கவும் கூடாது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி விருந்துக்குப் போய் மூன்றரைக்குச் சாப்பிட்டேன். இடையில் இரண்டு குளிர்பானமும் அந்தக் குடும்பத்தின் மூன்று திருமண ஆல்பங்களும் முடிந்திருந்தன. அதற்குப் பிறகு விருந்து என்றால் வீட்டிலேயே இரண்டு வாழைப்பழம் தின்றுவிட்டுத்தான் கிளம்புவேன்.

சாப்பிடத் தொடங்கும் முன் பிரார்த்தனை இருக்கலாம். விருந்தாளியைத்தான் முதலில் பரிமாறிக்கொள்ளச் சொல்வார்கள். அப்போது அளவாக எடுங்கள். வீட்டுக் குழந்தைகள் இன்னும் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். "முர்யோஹெர்வே" என்றால் ருசித்து உண்ணுங்கள் என்று பொருள். முடித்ததும் "முராகோசே" என்று நன்றி சொல்லிவிடுங்கள்.

கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லலாமா?

மொத்தமாக மறுப்பது வீட்டை மறுப்பதுபோல. ஒரு வாயாவது எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு சரியில்லை என்றால் அதைச் சொல்லிவிட்டுத் தேநீர் மட்டும் கேட்கலாம். குடிக்கக் கொடுத்ததைத் தொடாமல் எழுவதுதான் மனத்தில் தங்கும். கொள்கை காரணமாகச் சிலவற்றைத் தொடமாட்டீர்கள் என்றால் தயங்க வேண்டாம். அங்கே மது தொடாத பெந்தெகொஸ்தே குடும்பங்களும், மதுவோடு பன்றியையும் விலக்கும் அட்வெண்டிஸ்ட் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் நிறைய. "சின்ய்வா இன்சோகா", அதாவது நான் மது அருந்துவதில்லை என்றால் மறுபேச்சு இல்லாமல் ஃபான்டா வரும். ஃபான்டா என்பது எல்லாக் குளிர்பானத்துக்கும் பொதுப்பெயர். கோலா வேண்டுமானாலும் முதலில் ஃபான்டா என்று சொல்லிவிட்டுப் பிறகு வகையைச் சொல்வார்கள்.

பாட்டிலை என் கண்முன்தான் திறக்கிறார்கள். வீட்டுக்காரர் முதலில் ஒரு மிடறு குடித்துவிட்டுத் தருகிறார். ஏன்?

நஞ்சு பற்றிய பழைய அச்சம். ஆப்பிரிக்காவின் பேரேரிகள் பகுதி முழுவதிலும் இந்தப் பயம் ஆழமாக இருந்தது, இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. அதனால் மூடியைத் திறக்காமல் பாட்டிலை மேசைக்குக் கொண்டுவருவது பரிமாறுபவரின் கடமை. திறந்த பாட்டில் வந்தால் உள்ளூர்க்காரர் திருப்பி அனுப்புவார், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

வீட்டில் வடித்த வாழை பீரையோ சோள பீரையோ தரும்போது வீட்டுக்காரர் முதலில் சுவைத்துக் காட்டுவார். எச்சில் பார்த்து வளர்ந்த நமக்கு இது சற்று இடறும். எனக்கும் இடறியது. ஆனால் அவர் நோக்கில் பாருங்கள்: "இதில் குற்றம் இருந்தால் முதலில் எனக்கு வரட்டும்" என்று சொல்லாமல் சொல்கிறார். நம் ஊரில் எச்சில் படாமல் கொடுப்பது மரியாதை. அங்கே முதல் மிடறைத் தான் குடித்துவிட்டுக் கொடுப்பது மரியாதை.

முன்பு ஒரே பானையில் நாணல் குழலை விட்டு ஆள் மாற்றி ஆள் உறிஞ்சுவார்கள். உமுஹேஹா என்று அந்தக் குழலுக்குப் பெயர். சுகாதாரப் பிரசாரத்துக்குப் பிறகு இது குறைந்துவிட்டது. திருமணச் சடங்கில் பானையும் குழல்களும் வைத்திருந்தால் அது பெரும்பாலும் மரபுக்காக.

பால் கடை என்று தனியாக இருக்கிறதாமே?

இருக்கிறது, தவறவிடாதீர்கள். வாசலில் "அமாதா" என்று எழுதியிருக்கும். பால் என்று பொருள். நம் ஊர் டீக்கடையின் இடத்தை அங்கே பால் கடை பிடித்திருக்கிறது. உள்ளே பெரிய எஃகுத் தொட்டிகள், அரை லிட்டர் கண்ணாடிக் குவளைகள், பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து வாயில் வெள்ளை மீசையோடு வாட்டசாட்டமான ஆண்கள். மது இல்லை, சத்தம் இல்லை.

இரண்டு வகை கேட்கலாம். இன்ஷ்யுஷ்யு என்றால் காய்ச்சிய சூடான பால். இகிவுகுதோ என்றால் புளிக்கவைத்த பால், நம் கெட்டி மோருக்கும் தயிருக்கும் நடுவே இருக்கும். கடித்துக்கொள்ள சப்பாத்தி, அமந்தாசி எனப்படும் எண்ணெயில் பொரித்த இனிப்பு உருண்டை, அவித்த முட்டை. கோடை வெயிலில் குளிர்ந்த இகிவுகுதோவில் கொஞ்சம் உப்புக் கேட்டேன். கடைக்காரப் பெண் நான் ஏதோ பாவம் செய்ததுபோல் பார்த்தார். அவர்கள் சர்க்கரைதான் சேர்ப்பார்கள்.

மாடு அங்கே வெறும் கால்நடை அல்ல. வணக்கம் சொல்வதே "அமஷ்யோ" என்றுதான் இருந்தது. மந்தைகள் பெருகட்டும் என்று பொருள். பதில் "அமஷொங்கோரே", அவை பசுமந்தைகளாகட்டும். அரச மந்தையாக வளர்த்த இன்யாம்போ மாடுகளின் கொம்பைப் பார்த்தால் கழுத்து எப்படித் தாங்குகிறது என்று வியப்பு வரும். ஞான்சா அரண்மனை அருங்காட்சியகத்தில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். 2006இல் அரசு தொடங்கிய கிரிங்கா திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசு தருகிறார்கள். பிறக்கும் முதல் கிடாரியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. 4 லட்சம் குடும்பங்களுக்கு மேல் பசு போயிருக்கிறது. கிரிங்கா என்ற சொல்லுக்கே "உனக்கு மாடு வாய்க்கட்டும்" என்று அர்த்தம்.

ஆகையால் ஒரு வீட்டில் பால் கொடுத்தால் அது உயர்ந்த உபசரிப்பு. பாலை மறுக்க வேண்டி வந்தால் மிகப் பணிவாக மறுங்கள்.

நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

இல்லவே இல்லை. மேலே சொன்ன பீன்ஸ், கிழங்கு, கீரை, வாழை எல்லாம் உங்களுக்காகவே படைத்ததுபோல. "சின்ட்யா இன்யாமா" என்றால் நான் இறைச்சி உண்பதில்லை. ஆனால் இறைச்சி என்றால் அவர்களுக்கு மாடும் ஆடும்தான். மீனும் முட்டையும் அந்தக் கணக்கில் வராமல் போகலாம், தனியாகச் சொல்லுங்கள். இசொம்பேயில் சில இடங்களில் எலும்போ கருவாடோ போடுவார்கள். குழம்பில் மிதக்கும் துண்டை மட்டும் எடுத்துப்போட்டுவிட்டு "இப்போது சைவம்" என்று சிரித்த முகத்தோடு தருபவரும் உண்டு. அவர்மேல் கோபப்பட முடியாது, இறைச்சி கிடைத்தும் ஒருவர் வேண்டாம் என்பார் என்று அவர் நினைத்தே பார்த்ததில்லை.

வழியில் பசித்தால் உமுரேதி கேளுங்கள், வறுத்த உருளையோடு வரும் ஆம்லெட். முட்டை தின்னாதவர்களுக்குச் சப்பாத்தி எங்கும் கிடைக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்த இந்திய வணிகர்கள் விட்டுச் சென்றவை அதுவும் சம்புசாவும். சம்புசா நம் சமோசாதான், ஆனால் உள்ளே பெரும்பாலும் இறைச்சி.

அசைவம் உண்பவர்கள் எதைத் தேட வேண்டும்?

ப்ரோஷெட். கம்பியில் கோத்துச் சுட்ட ஆட்டிறைச்சி. மாலையில் எந்த மதுக்கூடத்திலும் அடுப்புக் கனலும். கூடவே சுட்ட வாழையோ உருளையோ வரும். மெல்லத் தாடை வலு வேண்டும், இளம் ஆடு என்று யாரும் பொய் சொல்வதில்லை. சிங்காலோ என்றால் குடல், தெரிந்தே கேளுங்கள். பன்றிக்கு அகபென்ஸ் என்று செல்லப்பெயர், பென்ஸ் காரின் பெயரிலிருந்து வந்தது. ஹலால் வேண்டுவோர் கிகாலியின் பழைய முஸ்லிம் பகுதியான ஞாமிராம்போவுக்குப் போகலாம்.

கீவு ஏரிக் கரையில் ருபாவுவிலோ கரொங்கியிலோ இருந்தால் சம்பாசா தின்னாமல் திரும்பாதீர்கள். விரல் நீள மீன், முழுசாகப் பொரித்துத் தருவார்கள், நெத்திலி வறுவலை நினைவூட்டும். அது அந்த ஏரியின் சொந்த மீன் அல்ல, 1950களின் இறுதியில் டாங்கனிக்கா ஏரியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இருட்டியதும் மூன்று மூன்றாகப் பிணைத்த படகுகள் விளக்கோடு கிளம்பும். மீனவர் பாடிக்கொண்டே துடுப்புப் போடுவது கரைவரை கேட்கும்.

ஒரு காலத்தில் பெண்கள் ஆட்டிறைச்சி தின்றால் தாடி முளைக்கும் என்று நம்பினார்கள். ஆண்களுக்கு எவ்வளவு வசதியான நம்பிக்கை! நகரத்துப் பெண்கள் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே ப்ரோஷெட் தின்கிறார்கள்.

காரம் இருக்குமா?

இருக்காது. சமையலில் உப்பும் வெங்காயமும் தக்காளியும் மட்டுமே. மிளகாய் மேசையில் தனியாக இருக்கும். அகபங்கா என்று சின்னஞ்சிறு சொட்டுப் பாட்டில், கண் மருந்துபோல் தெரியும். உள்ளே மிளகாய் எண்ணெய். பெயருக்குச் "சின்ன ரகசியம்" என்று பொருள். கிகாலியிலிருந்து முசான்சே போகும் சாலையில் ஞிராங்கராமா என்ற இடத்தில் சினா ஜெரார் என்ற தொழில்முனைவோர் தொடங்கிய தயாரிப்பு. எங்கள் ஊரில் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டே சாப்பிடுவோம் என்று வீரம் பேசி ஒரு கரண்டி ஊற்றிய நண்பர் ஒருவர் அன்று பிற்பகல் கூட்டத்துக்கு வரவில்லை. இரண்டு சொட்டுப் போதும்.

உணவகத்தில் ஒரு மணி நேரமாகிறது. ஏன்?

நீங்கள் சொன்ன பிறகுதான் உருளையை உரிக்கத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பசி வருவதற்கு முன்பே போய்ச் சொல்லிவிட வேண்டும், அல்லது தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். குரலை உயர்த்தினால் வேலை வேகமாகாது. அங்கே பொது இடத்தில் கோபப்படுபவர் மதிப்பிழக்கிறார், எதிரில் இருப்பவர் அமைதியாகிவிடுவார், அவ்வளவுதான். ஊழியரிடம் நேராக உணவின் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு வணக்கம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

டிப்ஸ் கட்டாயமில்லை. பெரிய உணவகத்தில் பத்து சதவீதம் வைக்கலாம். பணம் கேட்கும்போது "மோமோ?" என்பார்கள். திபெத்தியக் கொழுக்கட்டையை விசாரிக்கவில்லை, கைபேசியில் பணம் செலுத்துகிறீர்களா என்று கேட்கிறார்கள்.

பீர் சூடாக வேண்டுமா என்று கேட்கிறார்கள். விளையாட்டா?

இல்லை. குளிர்ந்ததா, வெளியில் வைத்ததா என்பது உண்மையான கேள்வி. பெரியவர்கள் பலருக்குக் குளிர்ந்தது ஆகாது. ப்ரிமுஸ் என்ற உள்ளூர் பீரின் பாட்டில் 72 சென்டிலிட்டர், ஒருவருக்கு ஒன்று தாராளம். உர்வாக்வா என்பது பழுத்த வாழையை மிதித்துச் சாறெடுத்து, வறுத்த சோள மாவு சேர்த்துப் புளிக்கவைப்பது. இகிகாகே சோளத்தில் வடிப்பது. சோளம் என்று நான் சொல்வது மக்காச்சோளம் அல்ல, நம் வெள்ளைச் சோளத்தின் இனம். புளிக்காத வாழைச்சாறு உமுதோபே, மது வேண்டாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும். அறுவடைத் திருநாளான உமுகானுரா ஆகஸ்டு முதல் வெள்ளிக்கிழமை வரும். அன்று சோளத்துக்கும் பாலுக்கும்தான் முதலிடம்.

காப்பி நன்றாக இருக்குமா?

அருமையாக இருக்கும், ஆனால் உள்ளூர்க்காரர் குடிப்பது தேநீர். காப்பிச் செடி 1904இல் ஜெர்மானியர் ஆட்சியின்போது பாதிரிமார் கொண்டுவந்தது. பெரும்பகுதி ஏற்றுமதிக்கே விளைகிறது. சிறந்த காப்பியைத் தேர்ந்தெடுக்கும் கப் ஆஃப் எக்ஸலன்ஸ் போட்டி 2008இல் ஆப்பிரிக்காவில் முதன்முதலாக நடந்தது இங்கேதான். "ஆப்பிரிக்கன் டீ" என்று கேட்டால் பாலில் இஞ்சி போட்டுக் கொதிக்கவைத்த தேநீர் வரும். இஞ்சித் தேநீருக்கு ஏங்கும் ஆள் ஒரு மடக்குக் குடித்ததும் ஊர் வந்துவிட்டதாக நினைப்பார்.

பழமும் தண்ணீரும்?

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். பழத்துக்குக் கிமிரோன்கோ சந்தைக்குப் போங்கள். அன்னாசி, வெண்ணெய்ப்பழம், மரக்குஜா எனப்படும் தாட்பூட், விரல் நீள வாழை. இபின்யொமொரோ என்பது நம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விற்கும் மரத்தக்காளிதான். வாங்கியதை அறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுங்கள், சந்தை வாசலில் அல்ல.

ஊரிலிருந்து பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாமா?

கொண்டுபோங்கள், ஆனால் பாலித்தீன் பையில் சுற்றாமல். 2008 முதல் நாட்டில் பாலித்தீன் பைகளுக்குத் தடை, 2019இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் தடை வந்தது. விமான நிலையத்தில் பைகளை எடுத்துக்கொள்வார்கள். டப்பாவிலும் துணிப்பையிலும் அடுக்குங்கள்.

எந்த நாட்களில் கவனமாக இருக்க வேண்டும்?

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை உமுகாண்டா. காலை 8 முதல் 11 வரை ஊரே பொதுப்பணியில் இருக்கும், கடைகள் மூடியிருக்கும். காலை உணவை முந்தைய நாளே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஏப்ரல் 7 தொடங்கி ஒரு வாரம் துக்க வாரம். 1994இல் துட்சி இனத்தவர் மேல் நடந்த இனப்படுகொலையை நினைவுகூரும் நாட்கள். இசை, கேளிக்கை, விருந்து எதுவும் நடக்காது. அந்த வாரத்தில் மதுக்கூடத்தில் பிறந்தநாள் கொண்டாட நினைக்காதீர்கள். எந்த நாளிலும், எந்த மேசையிலும், ஒருவர் எந்த இனம் என்று கேட்காதீர்கள். 1994இல் உங்கள் குடும்பம் எங்கே இருந்தது என்பதும் அதே கேள்விதான், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

விருந்து முடிந்துவிட்டது. எப்படிக் கிளம்புவது?

சாப்பிட்ட கையோடு எழுந்துவிடாதீர்கள், சாப்பாட்டுக்காக மட்டும் வந்தவர்போல் ஆகிவிடும். கொஞ்சம் பேசியிருங்கள். பிறகு போக வேண்டும் என்று சொல்லுங்கள். உடனே விடமாட்டார்கள், கடைசியாக ஒரு கோப்பை வரும். அதற்கு அகஷிங்குராச்சுமு என்று பெயர். ஈட்டியைப் பிடுங்கும் பானம் என்று பொருள். முன்பு விருந்தாளி தன் ஈட்டியை முற்றத்தில் ஊன்றிவிட்டு வீட்டுக்குள் போவார். அதைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பும் நேரத்துக் குவளை அது. மறுக்காதீர்கள்.

பிறகு வீட்டுக்காரர் உங்களோடு நடந்து வருவார். வாசல்வரை அல்ல, பாதி வழிவரை, சில சமயம் பெரிய சாலைவரை. "நீங்கள் திரும்புங்கள், நான் போய்க்கொள்கிறேன்" என்று நான் முதல் முறை மூன்று தடவை சொன்னேன். அவர் கேட்காததுபோல் நடந்துகொண்டே இருந்தார். மோட்டார் சைக்கிள் டாக்சியை நிறுத்தி, வாடகை பேசி, என்னை ஏற்றிவிட்ட பிறகுதான் குன்றின் மேல் இருந்த வீட்டைப் பார்க்கத் திரும்பினார்.